அடுத்தவர் எழுதிய ஜாவாஸ்கிரிப்டைத் திண்ணையோடு நிறுத்துவது எப்படி

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், எங்கள் பயிற்சித் தளத்தைப் பயன்படுத்தும் கல்லூரியிலிருந்து பேராசிரியர் ஒருவர் போன் செய்தார். "மேடம், என் வகுப்பில் அறுபத்து மூன்று பேருக்கும் நூற்றுக்கு நூறு விழுந்திருக்கு. நான் போடலை" என்றார். குரலில் கோபம் இல்லை, திகைப்புதான். லாகைத் திறந்து பார்த்தேன். மதிப்பெண் போட்டது சாட்சாத் அவருடைய கணக்குதான். அவருடைய கம்ப்யூட்டரிலிருந்து, அவர் லாகின் செய்திருந்த அதே செஷனில், இரண்டு விநாடிக்குள் அறுபத்து மூன்று பேருக்கும்.

எங்கள் தளத்தில் மாணவர்கள் ஜாவாஸ்கிரிப்ட் எழுதி அங்கேயே ஓட்டிப் பார்க்கலாம். எழுதியதை ஒரு லிங்காக மற்றவருக்கு அனுப்பலாம். இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவன், "சார், அசைன்மென்டில் ஒரு சந்தேகம்" என்று அப்படியொரு லிங்கை அனுப்பியிருக்கிறான். அவர் திறந்தார், திரையில் ஒரு பந்து துள்ளியது. பந்தைத் துள்ளவைத்த வரிகளுக்குக் கீழே இன்னும் ஆறு வரி இருந்தது. மாணவர் பட்டியலை வாங்கி, ஆளுக்கு 100 என்று எங்கள் சர்வருக்கு அனுப்பும் ஆறு வரி.

பையனைத் திட்டிப் பயனில்லை. அவன் எழுதியதை எங்கள் பக்கத்துக்குள்ளேயே 'ஈவால்' (எழுத்தை நிரலாக ஓட்டும் கட்டளை) போட்டு ஓட்டிக்கொண்டிருந்தது நான். இன்னாருடைய நிரல் என்று பிரவுசர் பார்ப்பதே இல்லை. எந்தப் பக்கத்தில் ஓடுகிறது என்பதுதான் அதற்குக் கணக்கு. எங்கள் பக்கத்தில் ஓடினால் அது எங்கள் நிரல். லாகின் அடையாளத்தை வைத்திருக்கும் குக்கியை, நிரல் எதுவும் படிக்க முடியாதபடி 'எச்டிடிபி-ஒன்லி' என்று பூட்டித்தான் வைத்திருந்தேன். ஆனால் அவன் குக்கியைப் படிக்கவே இல்லையே! அவன் கோரிக்கையை மட்டும் அனுப்பினான், குக்கியைப் பிரவுசரே கூடச் சேர்த்து அனுப்பிவிட்டது.

இது பழைய கதை. 2005 அக்டோபரில் சாமி கம்கார் என்ற இளைஞர் 'மைஸ்பேஸ்' என்ற சமூக வலைத்தளத்தில் இருந்த தன் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்கிரிப்டைச் செருகினார். அந்தப் பக்கத்தைப் பார்த்தவர் எல்லாரும் தன்னாலே அவருக்கு நண்பரானார்கள், அவர்கள் பக்கத்திலும் அதே ஸ்கிரிப்ட் ஒட்டிக்கொண்டது. ஒரு நாள் முடிவதற்குள் பத்து லட்சம் பேர். எங்கள் பையன் மதிப்பெண்ணோடு நிறுத்தினானே என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தவர் நிரலை நம் தளத்தில் ஓட்ட வேண்டிய வேலை உங்களுக்கும் இருந்தால், அதற்கப்புறம் நான் செய்ததை அப்படியே சொல்கிறேன். பிளக்இன், விட்ஜெட், கோடிங் பயிற்சி எதுவாக இருந்தாலும் முறை ஒன்றுதான். முதலில், செய்யக் கூடாததை.

வடிகட்டிப் பார்க்காதீர்கள்

அன்று ராத்திரி நான் செய்த முதல் காரியம், மாணவர் நிரலில், சர்வருக்குக் கோரிக்கை அனுப்பும் 'ஃபெட்ச்' என்ற சொல் இருந்தால் ஓட்டாதே என்று ஒரு வடிகட்டி எழுதியது. சொல்லை இரண்டாக உடைத்து, ஓடும்போது ஒட்டிக்கொண்டால் தீர்ந்தது, வடிகட்டி ஏமாந்துவிடும். சரி, பக்கம் முழுவதையும் எட்டவைக்கும் 'விண்டோ', 'டாக்குமென்ட்' இரண்டையும் மறைத்துவிடலாம் என்று 'பிராக்ஸி' என்ற இடைத்திரை ஒன்றைச் சுற்றினேன். அதற்கும் வழி உண்டு. ஒரு காலி வரிசையை எடுத்து அதன் 'கன்ஸ்ட்ரக்டர்' எது என்று கேளுங்கள்: 'அர்ரே'. அதனுடைய கன்ஸ்ட்ரக்டர் எது? 'ஃபங்ஷன்'. அந்த ஃபங்ஷனிடம் 'ரிட்டர்ன் திஸ்' என்ற சரத்தைக் கொடுத்து அழைத்தால், நான் மறைத்துவைத்த விண்டோ முழுசாக வந்து நிற்கும். ஒரே வரி. இரண்டு சதுர அடைப்புக்குறியில் தொடங்குகிற எந்த வரியையும் அன்றிலிருந்து எனக்குச் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்க வருகிறது.

என் கைக்குத்தான் எட்டவில்லை என்று நினைக்க வேண்டாம். நிரலைத் திருத்தி எழுதிப் பத்திரமாக்கும் 'காஜா' என்ற திட்டத்தைக் கூகுள் பல வருஷம் நடத்தி, 2021-ல் மூடிவிட்டது. ஃபிக்மா என்ற டிசைன் செயலி 2019-ல் பிளக்இன் வசதி கொண்டுவந்தபோது 'ரெல்ம்ஸ்' என்ற உத்தியை நம்பித் தொடங்கியது. அதில் ஓட்டைகள் தெரிந்ததும், 'குவிக்ஜேஎஸ்' என்ற குட்டி ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினையே வெப்அசெம்ப்ளியாக (பிரவுசருக்குள் ஓடும் தாழ்நிலைக் குறிமுறை) மாற்றி, பிளக்இன்களை அதற்குள் ஓட்டுவதற்கு மாறிக்கொண்டது.

ஆகவே நிரலைச் சோதிப்பதை விட்டுவிட்டேன். அது ஓடும் இடத்தில் திருட ஒன்றும் இல்லாமல் செய்வதே வேலை. எங்கள் பாட்டி வீட்டில் வழிப்போக்கர் யார் வந்தாலும் திண்ணையில் படுக்கலாம், தண்ணீர் கிடைக்கும், சோறுகூடக் கிடைக்கும். ஊர் பேர் விசாரிப்பதில்லை. நிலைப்படி தாண்டி உள்ளே வர மட்டும் விடமாட்டார்.

திண்ணைக்குத் தனி டொமைன்

மாணவர் நிரல் ஓடுவதற்கென்று வேறொரு டொமைன் வாங்குங்கள். வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய்ச் சொச்சம் ஆகும். இருக்கிற டொமைனிலேயே ஒரு சப்டொமைன் போதாதா என்று எங்கள் கணக்காளர்கூடக் கேட்டார். போதாது. முழு டொமைனுக்கும் பொதுவாக வைத்த குக்கி சப்டொமைனுக்கும் போகும்; அங்கிருந்து குக்கி வைத்தால் நம் முதன்மைத் தளத்துக்கும் வந்து சேரும். நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் இதே காரணத்துக்காகத்தான் 2013-ல் பயனர்களின் பக்கங்களைத் தன் டாட்காமிலிருந்து பெயர்த்து 'கிட்ஹப் டாட் ஐஓ'வில் வைத்தது. கூகுளும் பயனர்கள் ஏற்றும் பொருள்களை 'கூகுள்யூசர்கன்டென்ட்' என்ற தனி டொமைனில்தான் வைத்திருக்கிறது.

இந்த டொமைனில் லாகின் இருக்கக் கூடாது, குக்கி இருக்கக் கூடாது, டேட்டாபேஸ் இணைப்பு இருக்கக் கூடாது. ஒரு வெற்று எச்டிஎம்எல் பக்கம் போதும். எங்களுடையது நாற்பது வரிதான்.

ஐஃப்ரேமும் சேண்ட்பாக்ஸும்

அந்த வெற்றுப் பக்கத்தை நம் பக்கத்துக்குள் ஓர் ஐஃப்ரேமில் (பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் சட்டம்) கொண்டுவருகிறோம். ஐஃப்ரேமுக்குச் 'சேண்ட்பாக்ஸ்' பண்பைச் சேர்த்து, அதில் 'அலவ்-ஸ்கிரிப்ட்ஸ்' என்ற ஒரே சொல்லை எழுதுங்கள். சேண்ட்பாக்ஸை வெறுமனே விட்டால் எல்லாமே தடை. அப்புறம் நாம் சேர்க்கும் ஒவ்வொரு சொல்லும் ஒரு கதவைத் திறப்பதாக அர்த்தம். பாப்அப், படிவம் அனுப்புதல், மேலே இருக்கும் முழுப் பக்கத்தையும் வேறு முகவரிக்கு ஓட்டிப்போவது என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் உண்டு. தேவை என்று யாராவது வந்து கேட்கும்வரை சேர்க்காதீர்கள்.

ஒரு சொல்லில் மட்டும் ரொம்பக் கவனம் வேண்டும்: 'அலவ்-சேம்-ஆரிஜின்'. உள்ளே இருக்கும் பக்கமும் நம் பக்கமும் ஒரே டொமைனில் இருந்து, இந்தச் சொல்லும் 'அலவ்-ஸ்கிரிப்ட்ஸ்'உம் சேர்ந்து இருந்தால், உள்ளே ஓடும் நிரல் வெளியே கை நீட்டித் தன் சேண்ட்பாக்ஸ் பண்பையே கழற்றிப் போட்டுவிடும். பூட்டைப் போட்டுச் சாவியையும் உள்ளே கொடுத்த கதை. இணையத்தில் கிடைக்கும் பல உதாரணங்களில் இந்த இரண்டும் ஜோடியாகத்தான் இருக்கின்றன. பிழைச் செய்தி வராமல் இருக்க வேண்டும் என்பதற்காக யாரோ சேர்த்தது, நகலாகிக்கொண்டே வருகிறது.

அந்தச் சொல் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் பக்கத்துக்கு ஊரும் பேரும் கிடையாது. அதன் ஆரிஜின், அதாவது எந்தத் தளத்தைச் சேர்ந்தது என்ற அடையாளம், 'நல்' (வெறுமை) என்றே காட்டும். குக்கி கிடைக்காது, பிரவுசரில் தகவலைச் சேமிக்கும் 'லோக்கல்ஸ்டோரேஜ்' தொட்டால் பிழை விழும். இதில்தான் எங்களுக்கு முதல் புகார் வந்தது. பாடத்தின் ஏழாவது அத்தியாயமே லோக்கல்ஸ்டோரேஜ்! அலவ்-சேம்-ஆரிஜினைச் சேர்த்துவிடலாமா என்று கை அரித்தது உண்மை. சேர்க்கவில்லை. அந்த வெற்றுப் பக்கத்தில், அதே பெயரில், நினைவில் மட்டும் வைத்துக்கொள்ளும் ஒரு போலி ஸ்டோரேஜை இருபது வரியில் எழுதி வைத்தேன். மாணவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. பக்கத்தைப் புதுப்பித்தால் மறந்துவிடுகிறது என்று மட்டும் இரண்டு பேர் எழுதினார்கள்.

சர்வர் அனுப்ப வேண்டிய ஹெடர்

சேண்ட்பாக்ஸ் பண்பு ஐஃப்ரேமில் இருக்கிறது. யாராவது அந்த வெற்றுப் பக்கத்தின் முகவரியை நேராகப் புது டேபில் திறந்தால் ஐஃப்ரேமும் இல்லை, சேண்ட்பாக்ஸும் இல்லை. அதனால் அந்த டொமைனின் சர்வரே 'கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி' ஹெடரில் (பக்கத்தோடு பிரவுசருக்குப் போகும் விதிக் குறிப்பு) அதே சேண்ட்பாக்ஸ் வரியை அனுப்பட்டும். எப்படித் திறந்தாலும் அப்போது பூட்டு விழும்.

அதே ஹெடரில் 'டிஃபால்ட்-எஸ்ஆர்சி' என்பதற்கு 'நன்' (எதுவும் வேண்டாம்) என்று கொடுங்கள். எந்தப் படத்தையும் எந்தத் தரவையும் வெளியிலிருந்து வாங்க முடியாது, வெளியே அனுப்பவும் முடியாது. ஸ்கிரிப்டுக்கு மட்டும் 'அன்சேஃப்-இன்லைன்', 'அன்சேஃப்-ஈவால்' இரண்டையும் திறந்துவிட வேண்டியிருக்கும். பாதுகாப்புப் புத்தகம் எல்லாம் வேண்டாம் வேண்டாம் என்று சொல்கிற இரண்டு சொற்கள் இங்கே சரிதான். கண்ட நிரலையும் ஓட்டுவதற்கென்றே கட்டிய இடம்தானே இது.

ஒரு பொந்து மிச்சம் இருக்கும். உள்ளே ஓடும் நிரல் தன் ஐஃப்ரேமையே வேறு முகவரிக்கு நகர்த்தி, அந்த முகவரியின் வாலில் தகவலை ஒட்டி அனுப்பலாம். 'டிஃபால்ட்-எஸ்ஆர்சி' இதைத் தடுக்காது. நம் முதன்மைப் பக்கத்தின் ஹெடரில் 'ஃப்ரேம்-எஸ்ஆர்சி'க்கு அந்த ஒரு டொமைனை மட்டும் எழுதினால் இது பெரும்பாலும் அடைபடும். அதைவிட நல்லது, ரகசியம் எதையும் அந்த ஐஃப்ரேமுக்குள் அனுப்பாமலே இருப்பது. நாங்கள் முதலில் மாணவரின் பெயரையும் ரோல் நம்பரையும் உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தோம், "வணக்கம்" சொல்ல. இப்போது வணக்கத்தை வெளியிலேயே சொல்லிவிடுகிறோம்.

ஜன்னல் வழிப் பேச்சு

உள்ளும் வெளியும் பேசிக்கொள்ள 'போஸ்ட்மெசேஜ்' மட்டும்தான் வழி. வெளியிலிருந்து நிரலை அனுப்புகிறோம், உள்ளிருந்து விடை வருகிறது. வரும் செய்தியின் ஆரிஜின் 'நல்' என்றுதான் இருக்கும். சேண்ட்பாக்ஸில் இருக்கும் எந்த ஐஃப்ரேமுக்கும் அதுவே பெயர் என்பதால், ஆரிஜினைப் பார்த்து ஆளை அடையாளம் காண முடியாது. செய்தியின் 'சோர்ஸ்' நம் ஐஃப்ரேமின் விண்டோதானா என்று பாருங்கள். அப்புறம் செய்தியின் வடிவத்தைப் பாருங்கள்: நாங்கள் இரண்டே வகைச் செய்தியை ஏற்கிறோம், ஒன்று அச்சிட வேண்டிய எழுத்து, இன்னொன்று 'முடிந்தது'. மற்றதெல்லாம் குப்பைக்கு.

இதில் நான் இரண்டாம் முறை சறுக்கினேன். இவ்வளவும் கட்டி முடித்து, உள்ளிருந்து வந்த எழுத்தைத் திரையில் காட்ட எழுத்தை எச்டிஎம்எல்லாகவே எடுத்துக்கொள்ளும் 'இன்னர்எச்டிஎம்எல்' பயன்படுத்தியிருந்தேன். அதே பையன்தான் கண்டுபிடித்தான். இல்லாத படம் ஒன்றின் டேகை, படம் வராவிட்டால் ஓடும் 'ஆன்எரர்' பண்போடு, கன்சோலில் அச்சிட்டிருக்கிறான். அந்த எழுத்து மரியாதையாக ஜன்னல் வழியாக வந்து, எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் ஸ்கிரிப்டாக எழுந்து நின்றது. இந்த முறை மதிப்பெண்ணைத் தொடாமல் எனக்கு மெயில் போட்டான். 'டெக்ஸ்ட்கன்டென்ட்' என்று ஒரு சொல்லை மாற்றினேன், சரியாயிற்று. உள்ளிருந்து வருவது எதுவானாலும் வெறும் எழுத்து என்றே நடத்துங்கள்.

நிற்காத லூப்

கெட்ட எண்ணமே இல்லாமல் தளத்தைக் கவிழ்ப்பவர்கள்தான் அதிகம். 'ஐ பிளஸ் பிளஸ்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'ஐ மைனஸ் மைனஸ்' என்று எழுதிவிட்டால் லூப் நிற்காது. டேப் உறைந்துவிடும், எழுதிய நிரல் சேமிக்கப்படாமலே போகும். ஜாவாஸ்கிரிப்டில் ஓடிக்கொண்டிருக்கும் லூப்பை அதே இழையில் இருந்துகொண்டு யாரும் நிறுத்த முடியாது; நிறுத்தச் சொல்லும் 'செட்டைம்அவுட்'டும் அந்த லூப் முடியத்தான் காத்திருக்கும்.

அதனால் ஐஃப்ரேமுக்குள், தனி இழையில் ஓடும் ஒரு 'வொர்க்கர்' தொடங்கி (ஹெடரில் 'வொர்க்கர்-எஸ்ஆர்சி'க்கு 'பிளாப்' என்று திறந்துவிட வேண்டும்), மாணவர் நிரலை அதற்குள் ஓட்டுகிறோம். மூன்று விநாடியில் 'முடிந்தது' வராவிட்டால் வொர்க்கரை 'டெர்மினேட்' செய்கிறோம். வொர்க்கருக்கு டாக்குமென்ட் தெரியாது, ஆகவே எண், சரம், வரிசைக் கணக்குகளுக்கு மட்டும் இது பொருந்தும். பட்டன், பந்து, அனிமேஷன் பாடங்களுக்கு ஐஃப்ரேமிலேயே ஓட்டியாக வேண்டும். தனி டொமைன் இங்கேயும் கை கொடுக்கிறது: மேசைக் கணினியில் குரோம் வேறு தளத்து ஐஃப்ரேமைத் தனி புராசஸில் வைப்பதால், உள்ளே உறைந்தாலும் வெளிப் பக்கம் உயிரோடு இருந்து ஐஃப்ரேமைத் தூக்கிப் போட்டுவிடலாம். ரேம் குறைந்த ஆண்ட்ராய்டு போனில் இதை நம்ப வேண்டாம். எங்கள் மாணவர்களில் பாதிப் பேர் அப்படிப்பட்ட போனில்தான் படிக்கிறார்கள். ஆகவே பகிர்ந்த லிங்கைத் திறந்தவுடனே எதுவும் ஓடாது. 'ஓட்டு' பட்டனை அழுத்தினால்தான் ஓடும். அதற்கு முன் நிரல் சேமிக்கப்பட்டுவிடும்.

சர்வரில் ஓட்டுவதானால்

விடையைத் திருத்த சர்வரிலும் ஓட்ட வேண்டும் என்று வரும்போது, சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் நோடில் 'விஎம்' என்ற மாட்யூல் கண்ணில் படும். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். இது பாதுகாப்புக்கான வழி கிடையாது, நம்பாத நிரலை இதில் ஓட்டாதீர்கள் என்று நோடின் ஆவணமே சொல்கிறது. பலரும் நம்பியிருந்த 'விஎம்2' நூலகத்தில் தப்பிக்கும் வழிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியவர, 2023 ஜூலையில் அதைப் பராமரித்தவரே இனி முடியாது என்று அறிவித்து 'ஐசொலேட்டட்-விஎம்'முக்கு மாறச் சொன்னார். நாங்கள் குவிக்ஜேஎஸை எடுத்துக்கொண்டோம். நினைவகத்துக்கு வரம்பு வைக்கலாம், ஓட்டத்தை நடுவில் வெட்டலாம், நாம் கையில் கொடுக்காத எதுவும் உள்ளே இருக்காது. வேகம் குறைவுதான், நூறு எண்களை வரிசைப்படுத்தும் வீட்டுப்பாடத்துக்கு அது போதும். அதையும் வலைத்தொடர்பு இல்லாத ஒரு தனிக் கன்டெய்னருக்குள் (சர்வரில் பிரித்து வைத்த அறை) வைத்திருக்கிறோம்.

நாமே அழைத்துவந்த விருந்தாளிகள்

மாணவர் நிரலுக்கு இவ்வளவு காவல் போட்டுவிட்டு, ஒரு நாள் எங்கள் கட்டணப் பக்கத்தில் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து எண்ணினேன். வெளி டொமைன்களிலிருந்து பதினான்கு ஸ்கிரிப்ட். சாட் விட்ஜெட், இரண்டு அனலிடிக்ஸ், எப்போதோ முடிந்துபோன தீபாவளித் தள்ளுபடியின் கவுன்ட்டவுன். நாமே ஸ்கிரிப்ட் டேகில் எழுதிச் சேர்த்ததால் இவை திண்ணையில் நிற்பதில்லை, நேராக பூஜையறை வரை போகும்.

2018 பிப்ரவரி 11 அன்று, பக்கங்களை வாசித்துக் காட்டும் 'பிரௌஸ்அலவுட்' என்ற ஸ்கிரிப்டில் யாரோ கிரிப்டோ மைனரைச் செருக, அதைச் சேர்த்திருந்த நாலாயிரத்துக்கு மேற்பட்ட தளங்களில், பார்வையாளர்களின் கம்ப்யூட்டர்கள் காசு உருவாக்கிக் கொடுக்கத் தொடங்கின. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகத் தளமும் அதில் ஒன்று. அதே ஆண்டு பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தில் 'மாடர்னைசர்' என்ற ஸ்கிரிப்ட் கோப்பின் வாலில் 22 வரி சேர்ந்து, பயணிகளின் கார்டு விவரங்கள் வெளியே போயின. அதற்காக 2020-ல் 2 கோடி பவுண்டு அபராதம் விதித்ததும் அதே ஆணையர் அலுவலகம்தான். 2024-ல் 'பாலிஃபில் டாட் ஐஓ' என்ற டொமைன் கைமாறி, சில மாதத்தில் அதன் ஸ்கிரிப்ட் மொபைல் பயனர்களை வேறு தளங்களுக்குத் திருப்பிவிட ஆரம்பித்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட தளங்கள் அதைச் சேர்த்திருந்தன. அந்தத் திட்டத்தைத் தொடங்கியவரே, கைமாறியபோதே, எடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தார்.

இதற்கு நான் வைத்திருக்கும் முறை சுருக்கமானது. வேண்டாததை நீக்குவது முதல் வேலை. எங்கள் பதினான்கு நான்காயிற்று. அந்த நான்கில் இரண்டு மாறாத நூலகங்கள், அவற்றை இறக்கி எங்கள் சர்வரிலேயே வைத்துக்கொண்டோம். வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்றால் 'இன்டெக்ரிட்டி' பண்பில் கோப்பின் ஹாஷை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட கைரேகை) எழுதி, கூடவே 'கிராஸ்ஆரிஜின்' பண்பையும் சேர்த்துவிட்டால், கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் பிரவுசர் ஓட்ட மறுத்துவிடும். பிரௌஸ்அலவுட்டை இந்த ஒரு வரி தடுத்திருக்கும். ஆனால் அனலிடிக்ஸ், டேக் மேனேஜர் வகைகள் அடிக்கடி மாறுவதால் அவற்றுக்கு ஹாஷ் எழுத முடியாது. அவற்றை லாகினுக்குப் பிந்தைய பக்கங்களிலும் கட்டணப் பக்கத்திலும் ஏற்றவே ஏற்றாதீர்கள் என்பது என் கட்சி. மார்க்கெட்டிங்காரர்களோடு சண்டை வரும், வரட்டும். கார்டு விவரம் வாங்கும் பக்கத்தில் ஓடும் ஒவ்வொரு ஸ்கிரிப்டுக்கும் கணக்கும் காரணமும் எழுதி வைக்க வேண்டும் என்ற பிசிஐ (கார்டு நிறுவனங்களின் பாதுகாப்புத் தரம்) விதி 2025 மார்ச் 31 முதல் கட்டாயமாகியிருக்கிறது, சண்டையில் அது உதவும்.

கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசியை முதன்மைத் தளத்தில் போடும்போது முதலில் 'ரிப்போர்ட்-ஒன்லி' வகையில் இரண்டு வாரம் ஓடவிடுங்கள். எதை எதை அது தடுத்திருக்கும் என்று சொல்லும், எதையும் உடைக்காது. எங்களுக்கு வந்த அறிக்கைகளில் முக்கால்வாசி, பார்ப்பவரின் பிரவுசரில் இருந்த எக்ஸ்டென்ஷன்களின் கைவரிசை. அதைப் பார்த்து மிரள வேண்டாம்.

கட்டி முடித்தபின் நீங்களே திருடனாகி ஒரு மணி நேரம் உட்காருங்கள். உள்ளிருந்து குக்கியைக் கேளுங்கள், பேரன்ட் விண்டோவைத் தொடுங்கள், வெளியே ஃபெட்ச் அனுப்புங்கள், முகவரியை மாற்றுங்கள், நிற்காத லூப் எழுதுங்கள், கன்சோலில் எச்டிஎம்எல் அச்சிடுங்கள். ஒவ்வொன்றையும் ஒரு டெஸ்டாக எழுதி வைத்தால், ஆறு மாதம் கழித்து யாரோ அவசரத்தில் அலவ்-சேம்-ஆரிஜினைச் சேர்க்கும்போது அதுவே கத்தும்.

அந்தப் பையன் படிப்பை முடித்துவிட்டான். போன மாதம் அவனிடமிருந்து ஒரு லிங்க் வந்தது. திறந்து 'ஓட்டு' அழுத்தினேன். எங்கள் தளத்தின் லாகின் பெட்டி, அதே நிறம், அதே லோகோ, "செஷன் முடிந்துவிட்டது, பாஸ்வேர்டை மறுபடி கொடுக்கவும்" என்று ஐஃப்ரேமுக்குள் நின்றது. மூன்று எழுத்து அடித்தபிறகுதான் எனக்கு உறைத்தது. எந்தச் சேண்ட்பாக்ஸும் படம் வரைவதைத் தடுக்காது அல்லவா. இப்போது அந்த ஐஃப்ரேமைச் சுற்றித் தடித்த ஆரஞ்சுக் கட்டமும், உள்ளே இருக்கும் நிரலால் மறைக்க முடியாத இடத்தில், "இதற்குள் இருப்பது ஒரு மாணவர் எழுதியது, பாஸ்வேர்டு கொடுக்காதீர்கள்" என்ற வரியும் இருக்கின்றன. பார்க்க நன்றாக இல்லை என்று எங்கள் டிசைனர் இன்னமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.